அழிய மறுத்த ஆறு போல்டர்கள்

எங்கள் படப்பிடிப்பாளர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டு, சங்கத்தில் இருந்து இரண்டு பேர் கொக்குவிலில் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பாதி உள்ளே நின்றுதான் கதைத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவளிடம் என்ன கட்டுரை என்று கேட்டேன்.

"மணியக்கா, நீங்கள் ஒரு படமும் எடுத்ததில்லை எண்டு எங்களுக்குத் தெரியும். அழிச்சதைப் பற்றி எழுதுங்கோ" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்தபடியால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட இருந்த ஸ்ரூடியோவில் நான் இருபத்தைந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தேன். உடுப்பிட்டியில் பிறந்து, கலியாணம் கட்டி கொக்குவிலுக்கு வந்து, பிறகு தனித்துப்போய், யாரோ சொல்லி அனுப்ப அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்தவள். முதலில் கூட்டிப் பெருக்கினேன். பிறகு படம் கழுவும் தட்டுகளில் கை நனைத்தேன். பிறகு ஓரம் வெட்டினேன், அல்பம் ஒட்டினேன். கொம்பியூட்டர் வந்ததும் இந்த வேலை எல்லாம் போய்விட்டது. என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். முதலாளி அனுப்பவில்லை. "அதுக்குள்ள படங்களை ஒழுங்கா அடுக்கி வைக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும்" என்றார். அந்த ஆள் நானானேன்.

இங்கிலிசில் எனக்கு எழுத்துத் தெரியும், சொல் தெரியாது. அதனால் திரையில் எது வந்தாலும் அப்படியே ஒரு கொப்பியில் பார்த்து எழுதுவேன். பக்கத்தில், அது வந்தபோது என்ன செய்தேன், பிறகு என்ன நடந்தது என்று தமிழில் எழுதுவேன். இப்படியே நாலு கொப்பி முடிந்தது. என் படிப்பு அவ்வளவுதான்.

எங்கள் ஸ்ரூடியோவுக்குப் பெயர் வந்ததே கலியாணம் பேசுகிற பிள்ளைகளின் படத்தால்தான். சாதகத்தோடு சேர்த்துத் தரகரிடம் கொடுக்கிற படம். தாய் கூட வந்து சீலை மடிப்பை இழுத்து இழுத்து விடுவா. அந்தப் படம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். கலியாணம் சரிவந்ததும் அந்தப் படம் ஒரு இடத்திலும் இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நினைப்பு. ஒருவனுக்கு என்று ஆன பிள்ளையின் படம் அந்நியர் கையில் கிடந்தால் கதை கட்டிவிடுவார்கள். ஆகவே தாய்மார் அரியதரமோ பயற்றம் பணியாரமோ ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து, "அழிச்சுப் போடுங்கோ" என்பார்கள்.

அதற்கு முதலாளி ஒரு முறை வைத்திருந்தார். பிள்ளையையும் தாயையும் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டு இருத்த வேண்டும். பிள்ளையின் பெயரும் ஊரும் எழுதிய போல்டரைத் திறந்து, எத்தனை படம் என்று எண்ணிக் காட்ட வேண்டும். மூட வேண்டும். டிலீற் கொடுத்ததும், நிச்சயமாகவா என்று மெசின் கேட்கும். அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லக் கூடாது. பிள்ளையே தன் விரலால் அழுத்த வேண்டும். பிறகு குப்பைக் கூடையைத் திறந்து அதையும் வெறுமையாக்கிக் காட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு முதலாளி எழும்பி நின்று, "இனி எங்களிட்டை ஒண்டும் இல்லை" என்பார். ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

அவர் என்னைவிட வயதில் குறைந்தவர். என்னை ஒரு நாளும் நீ என்று கூப்பிட்டதில்லை. நல்லது என்றும் சொன்னதில்லை. பிழை கண்டால் பென்சிலின் பின்பக்கத்தால் அந்த இடத்தை இரண்டு தரம் தட்டுவார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வாசலில் இருந்த குரோட்டன் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். ஒரு நாளில் மூன்று தரம் தண்ணீர் குடித்த குரோட்டன்கள் அவை.

போல்டர் சும்மா அழிந்துவிடாது. முதல் முதல் எனக்குத் தலையிடி தந்தது, "இது வேறொரு இடத்தில் திறந்திருக்கிறது" என்ற மெசின் கதை. ஏழாலையில் இருந்து வந்த ஒரு தாய் பக்கத்தில் இருக்கும்போது அப்படி வந்தது. பிள்ளை அழுத்தினாள், போகவில்லை. திருப்பி அழுத்தினாள், போகவில்லை.

"என்ன பிள்ளை, உது போகமாட்டன் எண்டு நிக்குது. சகுனம் சரியில்லையோ?" என்றா தாய்.

"சகுனம் இல்லை அம்மா. உள்ளுக்க ஆரோ பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு மெசின் சொல்லுது" என்றேன். விளக்கம் சொல்லப் போய் இப்படிச் சொல்லிவிட்டேன்.

"ஆர் பாக்கினம்? என்ரை பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று அந்த மனுசி கதிரையை விட்டு எழும்பிவிட்டா.

உள்ளே இருந்தது அல்பம் செய்கிற புரோகிராம்தான். அதில் அந்தப் பிள்ளையின் படம் ஒன்று திறந்தபடி கிடந்தது. அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. அப்போது எங்களிடம் எடிற்றிங் செய்தவர் றமணன். அவர் எட்டி வந்து, "மணியக்கா, இஞ்சை பாருங்கோ" என்று போல்டரில் றைற் கிளிக் பண்ணி, அடியில் இருந்த புரொப்பற்றீசைத் திறந்து, ஹிடன் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு சரி போட்டார். போல்டர் கண்ணில் இருந்து போய்விட்டது. தாய்க்கு நிம்மதி. முதலாளி எழும்பித் தன் சொல்லைச் சொன்னார். நான் கொப்பியில் எழுதினேன்: டிலீற் போகாவிட்டால் ஹிடனுக்குச் சரி போட்டால் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துவிட்டேன். பிறகு அப்படி இன்னும் ஐந்து தரம் செய்தேன்.

காலப்போக்கில் வேறு வழியும் பழகிக்கொண்டேன். திறந்திருக்கிற எல்லாவற்றையும் மூடுவது. அதற்கும் போகாவிட்டால் மெசினை நிற்பாட்டித் திருப்பிப் போட்டு, வேறு ஒன்றையும் திறக்காமல் நேரே போய் அழிப்பது. அதன் பிறகு ஹிடன் தேவைப்படவில்லை. அந்த ஆறையும் நான் மறந்தும் போனேன்.

றமணன் பிரான்சுக்குப் போனார். பழைய மெசின் செத்தது. திருத்துகிறவர் அதன் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு, புது மெசினில் வயரால் கொழுவித் தந்தார். பழைய படம் யாரும் கேட்டால் எடுக்கலாம் என்று அது அலுமாரியில் கிடந்தது.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருசம், ஒரு புதன்கிழமை காலை, தாரணி என்ற பிள்ளை தனியாக வந்தாள். நாலு வருசத்துக்கு முதல் தன் படத்தை எங்களிடம் அழித்துவிட்டுப் போனவள். கலியாணம் முடிந்து, புருசன் கனடாவில். இவள் மாமியோடு இருந்து, அவன் கூப்பிடுவதற்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, நீங்கள் எனக்கு முன்னாலதானே அழிச்சனீங்கள்?"

"ஓம் பிள்ளை."

"அப்ப எப்படி என்ரை படம் தரகற்ரை போனில வந்தது? மாமியின்ரை சொந்தத்துக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கலியாணம் முடிச்ச பிள்ளையின்ரை படம் இன்னும் ஏன் சுத்துது எண்டு மாமி கேக்கிறா. இது தெளியிற மட்டும் என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுற பேப்பர் அனுப்ப வேண்டாம் எண்டு அவருக்கும் சொல்லிப்போட்டா."

முதலாளி உள்ளே இருந்து வந்தார். "தங்கச்சி, எங்களிட்டை ஒண்டும் இல்லை" என்றார்.

"அதை மாமிக்கு முன்னால சொல்லுவீங்களோ? வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன்."

"ஏன் சொல்லாமல்? கூட்டிக்கொண்டு வாங்கோ."

அவள் போன பிறகு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று அலுமாரியில் கிடந்த பழைய டிஸ்க்குப் பெட்டியைக் கொழுவினேன். திருத்துகிறவர் மறைந்து கிடக்கிறவையும் தெரிகிற மாதிரிப் புது மெசினை வைத்திருந்தார் போல. மற்றப் போல்டர்கள் நல்ல மஞ்சளாக நிற்க, இடையிடையே ஆறு மட்டும் தண்ணீர் கலந்த மஞ்சளாக, மங்கலாக நின்றன. ஒன்றில் தாரணி என்றும் அவள் ஊரும் எழுதியிருந்தது. எழுதினது நான்தான்.

கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிறகு முதலாளியிடம் போனேன்.

"ஆறு போல்டர் இருக்கு."

"எது?"

"அழிச்சது எண்டு சொன்னது."

அவர் வந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். வெளியே போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மங்கலாத் தெரியிறதைத் தெரியாமல் பண்ணலாம். திருத்திற பெடியனைக் கேட்டால் சொல்லுவான். வெள்ளிக்கிழமை அவை பாத்திட்டுப் போகட்டும். பேந்து ஆறுதலா அழிப்பம்."

"ஏலாது."

"என்ன ஏலாது?"

"நான் செய்யமாட்டன்."

அந்த ஸ்ரூடியோவில் நான் அவருக்கு இல்லை என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"அப்ப வெள்ளிக்கு முன்னம் அழிச்சுப் போடுவியளோ?"

"அழியிறதுக்கு வழி செய்து வைப்பன். அழுத்திறது அந்தப் பிள்ளைதான்."

"மாமியாருக்கு முன்னாலையோ? என்ன கதைக்கிறியள் நீங்கள்?"

"நீங்கள் வைச்ச சட்டந்தானே."

அவர் பென்சிலை எடுத்தார். தட்டுவதற்கு இடம் காணாமல் திருப்பி வைத்தார்.

என் பிடிவாதத்துக்கு ஒரு பிள்ளையின் வாழ்வைப் பணயம் வைக்க முடியாது. அதனால் தாரணிக்கு ரெலிபோன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். அழியவில்லை, மறைந்துதான் கிடந்தது, பிழை என்னுடையது, தரகரிடம் போனது இதில் இருந்து இல்லை, இந்தப் பெட்டி அலுமாரியை விட்டு வெளியே போனதில்லை என்றேன். நீ சொல்கிறபடி செய்வேன் என்றேன்.

"மாமிக்கு முன்னால திறவுங்கோ அன்ரி" என்றாள். "ஒரு பிழையும் செய்யாமல் ஒளிச்சு ஒளிச்சுத் திரிய எனக்குக் களைச்சுப் போச்சு."

இனித்தான் என் வேலை. முதலில், அந்தப் போல்டர்களில் கை வைக்கவில்லை. அதே டிஸ்க்கில் அல்பத்துக்குப் போடுகிற பூ போர்டர்கள் கிடந்த ஒரு போல்டர் இருந்தது. போனால் போகட்டும் என்று அதில் பழகினேன். டிலீற் கொடுத்தேன். இதற்கு அனுமதி வேண்டும் என்றது. தொடர் என்பதை அழுத்தினேன். பிறகு வந்ததுதான் என் நாலு கொப்பியிலும் இல்லாத கதை: இதை மாற்ற இன்னாரிடம் அனுமதி பெறு. இன்னார் என்ற இடத்தில் மனிதப் பெயர் இல்லை. எஸ் என்ற எழுத்தும், கோடுகளும், ஒரு முழ நீளத்துக்கு இலக்கங்களும்.

அத்தனை இலக்கத்தையும் கொப்பியில் எழுதி, பிரான்சில் இருந்த றமணனுக்கு போனில் வாசித்தேன். பாதி வாசிக்க முதல் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"மணியக்கா, அந்த நம்பர் நான்தான்."

"நீயோ?"

"பழைய மெசினில என்ரை பேரிலதானே எல்லாம் ஏத்தினது. அந்த மெசினுக்கு என்னைத் தெரியும். புதுசுக்குத் தெரியாது. அதுதான் பேர் சொல்லாமல் நம்பரைச் சொல்லுது."

"அப்ப நீ அனுமதி தா."

"இஞ்சை பாரிசில இருந்து நான் என்னெண்டு தாறது? நீங்களே எடுங்கோ. போல்டருக்குச் சொந்தக்காரர் நீங்கள் எண்டு மாத்துங்கோ."

"றமணன், அண்டைக்கு நீ ஹிடன் காட்டித் தந்தது அழிக்கிறதில்லை, என்ன?"

அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. "மறைக்கிறது அக்கா. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்றார்.

வியாழன் முழுக்க அந்த வேலைதான். இந்த வழியை இந்த மலரை வாசிக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். போல்டரில் றைற் கிளிக் பண்ணி, அடியில் இருக்கிற புரொப்பற்றீசைத் திறக்க வேண்டும். மேலே வரிசையாகக் காது மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் தலைப்புகளில் செக்கியூரிற்றி என்று ஒன்று இருக்கும். அதற்குள் போய், கீழே இருக்கும் அட்வான்ஸ்ட். அங்கே மேலே ஓனர் என்று ஒரு வரி. அதுதான் சொந்தக்காரர். அந்த வரியில்தான் றமணனின் இலக்கம் நிற்கும். பக்கத்தில் நீலத்தில் சேஞ்ச் என்றிருப்பதை அழுத்தினால் ஒரு பெட்டி வரும். நாங்கள் மெசினுக்குள் நுழைகிற பெயரை அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டுப் பெயரைச் சரிபார்க்கச் சொல்லும் பொத்தானை அழுத்த வேண்டும். பெயருக்கு அடியில் கோடு விழுந்தால் மெசினுக்கு ஆளைத் தெரியும் என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்தேன். போல்டர் திறந்தது, ஆனால் அழியவில்லை. உள்ளே எடிற் என்று ஒரு சின்னப் போல்டர் இருந்தது. அது இன்னும் றமணனிடமே இருந்தது. படலைப் பூட்டுக்குத் திறப்பு என் கையில், வீட்டுப் பூட்டுக்குத் திறப்பு அவர் கையில் என்ற மாதிரி. மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்றாம் தரம் செய்யும்போதுதான் பார்த்தேன். பெயரை மாற்றியதும், சொந்தக்காரர் வரிக்குக் கீழே ஒரு சின்னச் சதுரம் புதிதாக வந்து நிற்கிறது. முதல் இல்லாதது. உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும் இதே சொந்தக்காரர் என்பதற்கான சதுரம். அதற்குச் சரி போட்டு, அப்ளை கொடுத்து, எல்லாப் பெட்டியையும் மூடித் திருப்பித் திறந்தேன். சொந்தக்காரர் ஆனால் மட்டும் போதாது, முழு அதிகாரமும் நாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். அதே அட்வான்ஸ்டில், ஆளைச் சேர்க்கிற அட் என்றதை அழுத்தி, அதே பெயரைக் கொடுத்து, புல் கொன்ரோலுக்குச் சரி. இங்கேயும் அடியில் ஒரு சதுரம் இருக்கிறது. அதை விட்டால் உள்ளே உள்ளவை கேட்காது.

பிறகு டிலீற். பூ போர்டர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் போயின. இரண்டாம் தரம் வேறு ஒரு வேண்டாத போல்டரில் செய்து பார்த்துவிட்டுத்தான் அந்த ஆறுக்கும் கை வைத்தேன். மெசினுக்குரிய அதன் சொந்தப் போல்டர்களில் மட்டும் ஒருவரும் இதைச் செய்துவிடாதீர்கள். மெசின் எழும்பாது.

வெள்ளி பத்து மணிக்குத் தாரணியும் மாமியும் வந்தார்கள். மாமி பட்டுக்கரைச் சீலை உடுத்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தா. முதலாளி எழும்பி நின்றார். அவர் வழமையான சொல்லைச் சொல்லிவிடுவார் என்று பயந்தேன்.

"அம்மா, எங்களிட்டை ஒண்டும் இல்லை எண்டு நாலு வருசத்துக்கு முதல் உந்தப் பிள்ளைக்குச் சொன்னனான். அது பொய். தெரியாமல் சொன்ன பொய்தான். ஆனால் பொய். இருக்கு. மணியக்கா, திறவுங்கோ."

திறந்தேன். ஒன்பது படம். மாமி முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தா. எல்லாம் ஒரே நாளில் எடுத்தது என்று பக்கத்தில் திகதியைக் காட்டினேன். ஒரு படத்தின் ஓரத்தில் தாரணியின் தாயின் கை, மடிப்பை இழுத்தபடி. மாமி ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னா. நாலாவதில் நிற்பாட்டினா.

"உதைத்தானே தரகர் எங்களுக்கும் கொண்டுவந்து காட்டினது."

விரலை அந்தப் படத்துக்கு மேல் வைத்தா.

"உந்த நாவற் கலர்ச் சீலையும், உந்தச் சிமிக்கியும். நான்தானே பாத்திட்டு ஓம் எண்டனான்." குடையைத் தரையில் ஒரு தரம் குத்தினா. "எங்கடை வீட்டுக்குக் கொண்டுவந்த படத்தை அந்தாள் அழிக்காமல் போனில வைச்சுக்கொண்டு, இன்னும் ஊரெல்லாம் கொண்டு திரியுது. எனக்கு ரண்டு கண்ணிருந்தும் யோசிக்கேல்லை பார்."

தாரணி தலையைக் குனிந்தபடி இருந்தாள். மாமி இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

"வடிவாத்தான் இருக்கிறாய். அழிக்க முதல் இதை ஒண்டு பெரிசா அடிச்சுத் தரச் சொல்லுவமே? ஹோலில கொழுவலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாரணியைப் பார்த்தேன்.

"வேண்டாம் மாமி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "உது ஆரும் என்னைப் பாத்துப் பிடிக்குதோ இல்லையோ எண்டு சொல்லுறதுக்கு எடுத்த படம். இனி ஒருதரும் பாக்க வேண்டாம்."

நான் போல்டரை மூடி டிலீற் கொடுத்தேன். மெசின் தன் கேள்வியைக் கேட்டது. இந்த முறை அனுமதி என்ற கதையே வரவில்லை. தாரணி கையை நீட்டி அழுத்தினாள். குப்பைக் கூடையையும் அவளே வெறுமையாக்கினாள். மாமி ஒரு நிமிசம் பார்த்துவிட்டு எழும்பி, "என்ரை மகனுக்குப் பேப்பரை அனுப்பச் சொல்லிப் பின்னேரம் ரெலிபோன் எடுப்பம். அதுக்கு முதல் அந்தத் தரகற்ரை வீட்டை காட்டு" என்றா. தரகருக்கு என்ன நடந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு முதலாளி, மற்ற ஐந்தையும் நானே அழித்துவிடச் சொன்னார். வழி திறந்துதானே கிடக்கிறது, ஐந்து நிமிச வேலை என்றார். அது மெய். ஐந்தும் என் பெயரில் நின்றன. அழுத்தினால் போய்விடும்.

நான் அழுத்தாமல், ஐந்து பெயரையும் ஊரையும் ஒரு துண்டில் எழுதினேன். மூன்று பேரின் ரெலிபோன் இலக்கம் மாறிவிட்டது. அதில் ஒருத்தியின் ஊர் உடுப்பிட்டி. ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து அங்கே போனேன். நான் பிறந்த ஊர்தான். ஆனால் யாருடைய வீட்டுக்கும் கூப்பிடாமல் போய்ப் பழக்கமில்லை. கேற்றுக்கு வெளியே நின்று இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். உள்ளே நாய் குரைத்தது.

"ஆர் அது?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"சுன்னாகத்து ஸ்ரூடியோவில இருந்து வாறன் அம்மா. உங்கடை மகளின்ரை படத்தை அழிச்சது எண்டு சொன்னனாங்கள். அழிக்கேல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்" என்றேன், ஒரே மூச்சில்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. நாயைப் பிடித்துக் கட்டிவிட்டு, அந்தத் தாய் கேற்றைத் திறந்தா.